சைலன்சர் சூட்டில் ஒரு மூச்சு

— தலையக் குனிங்க சிஸ்டர்! குனிங்கன்னா! பின்கண்ணாடி போச்சு!

— போச்சுண்ணே. மேலெல்லாம் சில்லு. நீங்க நிறுத்தாதீங்க, போயிக்கிட்டே இருங்க.

— நான் எங்க நிறுத்துறேன்? படுத்திருக்கிற ஆளுக்கு ஏதாச்சும் பட்டுச்சா?

— அவர் மேல நான் குப்புற விழுந்து மறைச்சுட்டேன். அவருக்கு ஒன்னுமில்ல. மூச்சு இருக்கு.

— யோவ் டிரைவர்! என்னய்யா ஓட்டுற, கட்டை வண்டியா ஓட்டுற? மிதி! சின்னவருக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, இந்தக் கத்தி உன் கழுத்துல இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வரும். புரியுதா?

— இந்தா பாருப்பா, கத்திய கழுத்துல வச்சு அழுத்துனா எனக்கு ரோடு தெரியாது. ரோடு தெரியலைன்னா உங்க சின்னவர் நேராப் போயி ஒரு தூண்லதான் நிப்பாரு. கொஞ்சம் தள்ளி வச்சுக்கோ.

— தள்ளியெல்லாம் வைக்க முடியாது. பெரியவர் சொல்லித்தான் நான் ஏறியிருக்கேன். என் மகன் உசுரோட ஆஸ்பத்திரி போயிச் சேரலைன்னா நீயும் திரும்பி வராதன்னாரு. அவரு ஒரு தடவ சொன்னா சொன்னதுதான், புரியுதா? ஆமா, சைரனப் போடேன்யா! ஆம்புலன்ஸ்னு பேரு, ஊமை மாதிரி போவுது.

— சைரன் போட்டா மெஷின் நின்னுடும்.

— எந்த மெஷினு?

— உங்க சின்னவருக்கு மூச்சு விடுதே, அந்த மெஷினு. டைனமோ காலையிலயே படுத்துடுச்சு. அதுலேர்ந்து பேட்டரிக்கு ஒரு சொட்டுக் கரண்டு கிடையாது. விளக்க அணைச்சுட்டேன், ஃபேன அணைச்சுட்டேன். இருக்கிறதெல்லாம் அந்த மெஷினுக்குத்தான்.

— டைனமோ போன வண்டியவா எடுத்துட்டு வந்த?

— வண்டி வேணும்னு உங்க ஃபேக்டரி கேட்லேர்ந்துதான கூப்பிட்டாங்க? மத்த வண்டியெல்லாம் ஏற்கனவே உங்க ஆளுங்க அடிச்சுப் போட்ட தொழிலாளிங்கள அள்ளப் போயிருக்கு. இவதான் எங்க ஆபீஸ் ஷெட்டுல நின்னா. இவளுக்கு டைனமோ இல்லைன்னாலும் ஓடும், சைலன்சர் சூட்டுல.

— எங்கிட்டயே கிண்டலா?

— கிண்டல் இல்ல, இந்த மீட்டர் முள்ளப் பாரு. ஸ்டியரிங் பக்கத்துல, கம்பி கட்டித் தொங்க விட்டிருக்கே. இப்ப நல்லா நிமிந்து நிக்குதா? பொகை போற குழாயச் சுத்தி ஒரு பெட்டி மாட்டியிருக்கு. பெட்டிக்குள்ள தகடு தகடா இருக்கும். தகட்டுக்கு ஒரு பக்கம் கொதிக்கிற குழாய், மறுபக்கம் ரேடியேட்டர் தண்ணி. இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர்ச்சி. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுத் தகடு கரண்டு குடுக்கும். அது நேரா பேட்டரிக்குப் போவுது. சும்மா காத்துல போற சூடு. அத வீணாக்குவானேன்னு என் த—

— ஆபீஸ்ல மாட்டிக் குடுத்தாங்க. எல்லா வண்டிக்கும் மாட்டுறாங்க. அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

— பாத்துத்தான் சிஸ்டர் ஓட்டுறேன். சரி விடு. நான் சொல்ல வர்றது என்னன்னா, இஞ்சின் உழைச்சாத்தான் குழாய் காயும். குழாய் காஞ்சாத்தான் கரண்டு. சும்மா நிறுத்தி உறும விட்டா முள்ளு இறங்கிடும். அதனாலதான் சந்துல நுழையாம மேட்டு ரோட்டுப் பக்கம் திருப்புறேன். ஏத்தத்துல இவ திணறணும். திணறுனா சூடு வரும்.

— மேட்டு ரோட்டுல அந்தச் சங்கத்துப் பசங்க மறிச்சிருந்தா?

— சந்துல மட்டும் மறிக்காமயா இருப்பாங்க?

— அந்தக் கையால அமுக்குற பை இருக்குமே, அது எங்க? ஏய் ஊசி, உன்னத்தான். மெஷின் நின்னா அதால அமுக்கு.

— அந்தப் பையத்தான் நீங்க ஏறும்போது பூட்ஸ் காலால மிதிச்சீங்க. மிச்சத்தக் கண்ணாடி கிழிச்சிருச்சு. இங்க பாருங்க, அமுக்குனா புஸ்ஸுன்னு பக்கவாட்டுல போவுது. மெஷினுக்குள்ள இருக்கிற சின்ன பேட்டரியும் செத்துப்போயி மாசக்கணக்காச்சு. இந்த வயரு ஒன்னுதான் நமக்கு. இத யாரும் தொடக் கூடாது.

— சின்னவர் மொகத்த ஒரு தடவ பாக்கணும். மொகத்துல சுத்தியிருக்கிற கட்ட விலக்கு.

— விலக்க முடியாது.

— விலக்குன்றேன்.

— விலக்குனா ரத்தம் பீறிக்கிட்டு வரும், நிறுத்த எங்கிட்ட பஞ்சு கூட இல்ல. அப்புறம் உங்க பெரியவர்கிட்ட நீங்கதான் போயிச் சொல்லணும், நான் பாக்கணும்னு ஆசைப்பட்டேன், அதனால செத்துட்டாருன்னு. சொல்றீங்களா? சொல்றதா இருந்தா இந்தாங்க கத்திரி.

— ...சரி சரி, வாய மூடிட்டு வேலையப் பாரு. நம்மகிட்டயே நீட்டுறா பாரு, ஊசிக்காரி.

— சிஸ்டர், நீங்க உள்ள போனீங்கல்ல. ஃபேக்டரி ஷெட்டுக்குள்ள. அங்க வேற யாரையாச்சும் பாத்தீங்களா? தெரிஞ்ச மொகம்...

— பொகைண்ணே. ஒன்னும் தெரியல. கைக்குக் கிடைச்சவர இழுத்துட்டு வந்தேன்.

— நானும் வந்திருக்கணும். சீட்ட விட்டு எறங்காதீங்கன்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு ஓடிட்டீங்க.

— எறங்கியிருந்தா வண்டிய எரிச்சிருப்பாங்க. அப்ப யாருமே பொழச்சிருக்க மாட்டாங்க.

— யாரத் தேடுற நீ?

— யாரையும் தேடல. சும்மா கேட்டேன்.

— தேடாத. தேடினாலும் கெடைக்காது. உள்ள கெடந்தவன்லாம் இந்நேரம் வெந்திருப்பான். பெயின்ட் குடோன் பத்திக்கிச்சுன்னா லேசா? சின்னவரே அதுலதான மாட்டிக்கிட்டாரு. யோவ், இந்தப் பெட்டின்னதும்தான் ஞாபகம் வருது. இதே மாதிரி ஒன்ன எங்க ஜெனரேட்டர் குழாயில ஒருத்தன் மாட்டி வச்சிருந்தான்யா. வெல்டரு. பொகைன்னு கூப்பிடுவானுங்க அவன. சரியான பைத்தியம். சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் சாப்பிடுவான், இவன் போயி சைலன்சர்கிட்ட உக்காந்து ஒயரு முறுக்கிக்கிட்டு இருப்பான்.

— அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? டிரைவர ஓட்ட விடுங்க.

— நீ கம்முனு இரு. கேளுய்யா டிரைவர், ஒனக்குத்தான் இதெல்லாம் புடிக்கும் போலிருக்கே. அவன்தான் இன்னிக்கு முன்னால வந்து நின்னான். எங்க ஆளுங்க உள்ள பூந்தப்ப மத்தவன்லாம் சிதறிட்டான், இவன் மட்டும் குடோன் வாசல்ல கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறான். உள்ள சாமான் இருக்கு, தீ வச்சிடாதீங்க, ஊரே போயிடும்னு கத்துறான். சின்னவருக்கு யாராவது எதுத்துப் பேசுனாலே ஆவாது. பக்கத்துல நின்னவன்கிட்ட இரும்புக் குழாய வாங்குனாரு.

— ...வாங்கி?

— மண்டையில ஒன்னு. முட்டி போட்டான். அப்பவும் கைய எறக்கல பாரேன். ரெண்டாவது விட்டாரு பாரு, தேங்கா ஒடைக்கிற சத்தம். அப்புறம் அவன் எந்திரிக்கல. நான்தான் காலால பொரட்டிப் பாத்தேன்.

— அண்ணே. அண்ணே, முள்ளு எறங்குது.

— எந்திரிக்கலையா?

— அண்ணே! காலு! கால எடுத்துட்டீங்க, மிதிங்க!

— யோவ், என்னாச்சு ஒனக்கு? ஏறுற எடத்துல நிறுத்துற?

— ஒன்னுமில்ல. இழுக்கல. வண்டி... இழுக்கல.

— இழுக்குதா இல்லையான்னு நான் பாக்கவா? இந்தா, இப்ப இழுக்குதா?

— அவர் கழுத்துல குத்தாதீங்க! ரத்தம் வருது பாருங்க! அண்ணே, என்னப் பாருங்க. கண்ணாடியில என்னப் பாருங்க. மெஷின் கத்த ஆரம்பிச்சிருச்சு. உங்க கால்தாண்ணே இவருக்கு மூச்சு. மிதிங்க. யாரா இருந்தாலும் மிதிங்க.

— யாரா இருந்தாலுமா சிஸ்டர்?

— யாரா இருந்தாலும்.

— சரி விடு. மிதிக்கிறேன்.

— அப்படி வா வழிக்கு. முள்ளு எழுந்திருச்சா? ம், எழுந்திருச்சு. என்னாத்துக்குய்யா கியரத் தப்புத் தப்பாப் போடுற? வெல்டர் செத்ததுக்கு டிரைவர் தடுமாறுறான். ஏன், சொந்தமா?

— அவருக்கு சுகர் இருக்கு. காலையிலேர்ந்து சாப்பிடல. அதான்.

— நல்லாக் காப்பாத்துற உன் ஆள. யோவ், அங்க என்னய்யா எரியுது?

— டயரு. மேட்டு முனையில டயரப் போட்டுக் கொளுத்தி வச்சிருக்காங்க.

— அவனுங்கதான்! சங்கத்துப் பசங்க! சின்னவர் உள்ள இருக்காருன்னு எவனோ சொல்லிட்டான்! நிறுத்தாத, ஏத்து!

— ஆளுங்க நிக்கிறாங்கப்பா நடு ரோட்டுல.

— ஏத்துன்றேன்!

— கம்பி வச்சிருக்காங்கண்ணே. ரொம்பப் பேரு. ஐயோ, கல்லு! கல்லு வருது!

— டேய் நிறுத்துடா வண்டிய! சின்னவன வெளிய தள்ளு! தள்ளிட்டு நீ போ, ஒன்ன ஒன்னும் பண்ண மாட்டோம்!

— கதவ விடுங்கப்பா! உள்ள பொம்பள இருக்கா!

— அட, அண்ணே! நீங்களா? டேய், அடிக்காதீங்கடா, நிறுத்துங்க! நம்ம பொகையோட அண்ணன்டா இது! அண்ணே, உங்களுக்குத் தெரியாதா? உங்க தம்பிய அடிச்சுக் கொன்னவனண்ணே உள்ள படுத்திருக்கான்! அவனையா ஏத்திக்கிட்டுப் போறீங்க?

— தெரியும். இப்பத்தான் தெரிஞ்சது.

— அப்புறம் என்னண்ணே? பின்கதவத் தொறங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம். உங்க கையில ஒரு பொட்டு ரத்தம் படாது.

— ஓ... நீ அவன் அண்ணனா? அப்படிப் போவுதா கதை? யோவ், கை கியர்ல இருக்கட்டும். கதவுப் பக்கம் கை போச்சு, இங்கயே அறுத்துடுவேன்.

— அறு. அறுத்தா என் கால் தானா எடுபடும். முள்ளு விழும். உங்க சின்னவர் எனக்கு முன்னாடி போயிச் சேருவாரு. அறுத்துப் பாரேன்.

— அண்ணே, வேணாம்ணே!

— சிஸ்டர், தொறக்கவா? நீங்க சொல்லுங்க. பொம்பளப்புள்ள நீங்க, நல்லது கெட்டது தெரிஞ்சவங்க. தொறக்கவா?

— தொறக்காதீங்க.

— அவன் என் தம்பி, சிஸ்டர். நீங்களும்தான் அவன் கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கீங்க. இந்த வண்டிக்குக் கீழ படுத்துக்கிட்டு, அக்கா அந்த ஸ்பானர எடுங்க, அக்கா இதப் புடிங்கன்னு உங்க உசுர வாங்குவானே. எங்கம்மா போனதுக்கப்புறம் நான்தான் அவனுக்குத் தலை வாரி விட்டேன். அவன் மண்ட ஒடஞ்ச சத்தத்த இவன் ரசிச்சுச் சொல்றான். கேட்டீங்கல்ல?

— கேட்டேண்ணே.

— அப்புறமும் தொறக்காதங்கிறீங்க.

— ஆமா. நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒன்னும் கேட்டதில்ல. இது ஒன்னு கேக்குறேன். காரணம் கேக்காதீங்க. இந்த ஆள உசுரோட கொண்டு போயிச் சேத்துருங்க. என்ன நம்புங்க. நம்ப முடியலைன்னாலும் மிதிங்க.

— அண்ணே, என்னண்ணே யோசிக்கிறீங்க? டேய், அவரு தொறக்க மாட்டாரு போலிருக்கு, நம்மளே ஒடைப்போம்! கம்பியக் கொண்டாங்கடா!

— வேணாம்! கதவுல கைய வைக்காதீங்க! அவர் சாகக் கூடாது! நீங்க யாரும்... உங்களுக்குத் தெரியாது, போங்க!

— பாத்தியாடா, காசு வாங்கிட்டா! அவளையும் சேத்து இழு!

— சிஸ்டர், எதையாவது புடிச்சுக்கோங்க.

— மிதிங்கண்ணே!

— தள்ளுங்கப்பா! தள்ளுங்க! டேய், தள்ளுங்கடா, நான் ஏத்தப் போறேன்!

— ஹா! அப்படி ஏத்து! அந்தச் செவப்புச் சட்ட போட்டவன் விழுந்தான் பாரு! மேல ஏறிடுச்சு!

— சிஸ்டர், யாரு மேலயோ ஏறிடுச்சு சிஸ்டர். காலா உடம்பா தெரியல. தடக்குன்னுச்சு.

— பின்னால எந்திரிச்சு ஒக்காந்துட்டான்ணே. நான் பாத்தேன். காலப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான். நீங்க திரும்பிப் பாக்காதீங்க.

— நம்ம பசங்க அவங்க. எங்க வீட்டுல வந்து சாப்பிட்டுட்டுப் போன பசங்க. அவங்க மேல ஏத்தி, இவனக் காப்பாத்துறேன். என்ன மாதிரி ஒரு ஈனப்பய உண்டா?

— அப்படிச் சொல்லாதீங்கண்ணே. பின்னால தெரியும் உங்களுக்கு.

— என்ன தெரியும்? தெரிய வேண்டியதெல்லாம் தெரிஞ்சாச்சு.

— யோவ், அழுதுக்கிட்டே ஓட்டாத, ரோடு தெரியாது. தம்பிதான? போனவன் போயிட்டான். இவர ஒழுங்காச் சேத்துட்டா பெரியவர்கிட்ட சொல்லி ஒன்ன நம்ம வண்டிக்கே போட்டுடுறேன். நல்ல சம்பளம். என்ன சொல்ற?

— வாய மூடிட்டு வா.

— பார்றா. ஏய் ஊசி, ஒனக்கு நெத்தியில ரத்தம் வருது.

— தெரியும். அண்ணே, மெஷின் மறுபடி கத்துது. நீங்க கால எடுக்கலையே?

— எடுக்கல. முழுசா மிதிச்சுத்தான் வச்சிருக்கேன். முள்ளு விழுது... ஏன் விழுது? குழாய் நல்லாத்தான் காஞ்சிருக்கும். ஓ. முன்னால ஆவி வருது பாருங்க.

— ஆவின்னா?

— கம்பி குத்தியிருக்கு. ரேடியேட்டர் போச்சு. தண்ணி ஒழுகுது சிஸ்டர். குளிர்ச்சிப் பக்கம் தண்ணி இல்லைன்னா பெட்டி ரெண்டு பக்கமும் ஒரே சூடாயிடும். ரெண்டும் சூடுன்னா கரண்டு கிடையாது. இஞ்சின் எவ்வளவு உறுமுனாலும் வராது.

— தண்ணி ஊத்தலாமா? சலைன் பை இருக்கு. நெறைய இருக்கு.

— ஊத்தலாம். உப்புத் தண்ணிதான், ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும்.

— அப்ப நிறுத்து! நிறுத்திட்டு ஊத்துய்யா!

— நான் எறங்குனா ஆக்சிலேட்டர யாரு மிதிக்கிறது? சிஸ்டர் எறங்குனா அங்க ஆளில்ல. ஒன்ன விட்டா யாரு இருக்கா? நீதான் ஊத்தணும்.

— நான் எறங்கினதும் வண்டிய எடுத்துட்டு ஓடுறதுக்கா? நான் என்ன விரல் சூப்புறவனா?

— பானட்டத் தூக்கி வச்சுக்கிட்டு எப்படிப்பா ஓட்டுவேன்? எனக்கு ரோடே தெரியாது. நீ கண்ணுக்கு முன்னாலதான நிப்ப. வேணாம்னா விடு, உக்காரு. உங்க சின்னவர் போறத ரெண்டு பேரும் சேந்து பாப்போம். நீயே பெரியவருக்குப் போன் போட்டுச் சொல்லிடு.

— ...அந்தப் பைய எடு. எல்லாத்தையும் எடு. எங்க ஊத்தணும்?

— இரு, ஓரமா நிறுத்துறேன். எறங்கி முன்னால வா. கொக்கிய எடுத்து விட்டுட்டேன், பானட்டத் தூக்கு. தூக்கிட்டியா? நடுவுல ஒரு மூடி இருக்கும். உருண்டையா, காது வச்சு.

— பாத்துட்டேன். சுடுதுய்யா!

— துணியச் சுத்திக்கோ. அழுத்தித் திருகு.

— அண்ணே, அது கொதிக்கும்ல? அத அப்படித் தொறக்கக் கூடாதுன்னு அன்னிக்கு நீங்கதான—

— சிஸ்டர், நீங்க உங்க ஆளப் பாருங்க. டேய், நல்லாக் குனிஞ்சு பாரு. உள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு ஊத்தணும். மொகத்தக் கிட்டக் கொண்டு போ.

— திருகுறேன்யா, இது எங்க... ஆஆஆ! ஆஆ! அம்மா! கண்ணு! கண்ணு போச்சு! டேய்! டேய், கண்ணு!

— அண்ணே, என்ன பண்ணிட்டீங்க!

— சுடுதா? நல்லா சுடுதா? இரு, எறங்கி வர்றேன்.

— அண்ணே, எறங்காதீங்க! மெஷின் நின்னுடும்! அண்ணே, நான் ஒன்னு சொல்லணும், கேளுங்க!

— அப்புறம் சொல்லுங்க. டேய், எந்திரி. காலால பொரட்டிப் பாத்தியே என் தம்பிய? இந்தா. இந்தக் காலா? இல்ல, இந்தக் காலா?

— விடுய்யா! வேணாம்யா! நான் அடிக்கலய்யா, சின்னவர்தான்யா அடிச்சாரு! கண்ணு தெரியலய்யா எனக்கு!

— தேங்கா ஒடைக்கிற சத்தம்னு சொன்னல்ல? ஸ்பானர்ல என்ன சத்தம் வருதுன்னு கேளு.

— ஐயோ! வேணாம்! ஆ!

— அண்ணே! அண்ணே, இங்க வாங்க! முள்ளு படுத்துடுச்சு! மெஷின் விட்டு விட்டு இழுக்குது!

— படுக்கட்டும்! அந்த முள்ளப் பாத்தா எனக்கு என் தம்பி ஞாபகம் வருது. ராப்பகலா ஒக்காந்து அவன் பண்ண பெட்டி, அவனக் கொன்னவனுக்கு மூச்சுக் குடுக்குதே. இதுக்காடா பண்ண, இதுக்காடா? டேய், எங்க ஊர்ற? இந்தா!

— அவன் பேச்சு மூச்சு இல்லாம கெடக்குறான்ணே, போதும்! அவன விடுங்க! என் பேச்சக் கேளுங்க!

— விட்டுட்டேன். முடிஞ்சுது. அடுத்து உள்ள இருக்கிறவன். தள்ளுங்க சிஸ்டர்.

— ஸ்பானரக் கீழ போடுங்க.

— தள்ளுங்கன்னேன்! கதவ விடுங்க! உங்க பேச்சக் கேட்டுத்தான் நம்ம பசங்க மேலயே ஏத்துனேன். இனிமே கேக்க மாட்டேன். உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க? சொல்லுங்க! அந்தப் பசங்க சொன்னது நெசமா?

— என்ன அடிங்க. முதல்ல என்ன அடிச்சுட்டு இவர்கிட்ட போங்க.

— சிஸ்டர், எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. நெசமாவே அடிச்சிடுவேன். நவுந்துடுங்க.

— கத்தி வச்சுக்கிட்டு அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தானேண்ணே, நான் எப்படிச் சொல்லுவேன்? யாருன்னு தெரிஞ்சா கேட்டத் தாண்ட விட்டிருப்பாங்களா? மொகத்த மூடிக் கட்டி, வேற பேரச் சொல்லித்தான் வெளிய கொண்டு வர முடிஞ்சுது.

— யாரு? யார வெளிய கொண்டு வந்தீங்க? என்ன ஒளர்றீங்க?

— ஸ்பானரப் போடுங்கண்ணே. சலைன ஊத்துங்க, வண்டிய எடுங்க, மூச்சு இன்னும் இருக்கு. சின்னவரு அந்த ஷெட்டுக்குள்ளயே செத்துட்டாரு. இது உங்க தம்பி.